ஆனை பாக்க ஒத்தச் சீட்டு

போகலாமா வேண்டாமான்னு என்னையக் கேட்டீங்கன்னா, வேண்டாம்னுதானுங்க சொல்லுவேன். உக்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாம், அதுல யாரோ துண்டு போட்டு எடம் புடிச்சுட்டுக் காணாமப் போயிட்டாங்க. இந்தக் கப்பல்ல பாதிச் சேர்ல துண்டுதான் உக்காந்துட்டு வருது. இங்க வாங்க, எனக்குப் பக்கத்துல. இங்கிருந்து பாத்தா பஸ்ஸு வந்து நிக்கிற எடம் தெரியும். பஸ்ஸைப் பாக்கறதுக்காக நான் ஒண்ணும் இங்க உக்காரலீங்க. காத்து நல்லா வருது, அதனால.

மத்தியானம் ரெண்டாவது பஸ்ஸு இருக்குது, அதுல உங்க வீட்டுக்காரம்மா போகோணுங்கறாங்க, உங்களுக்கு ரெண்டு மனசா இருக்குது. அப்படித்தானுங்களே? நல்ல ஆளுகிட்டத்தான் வந்து கேட்டிருக்கறீங்க. போன வருசம் இதே கப்பல்ல வந்து, இதே அம்பாந்தோட்டையில எறங்கி, இதே காட்டுக்குப் போயிட்டு வந்தவன் நானு. அனுபவஸ்தன்.

சொல்றேன், கேட்டுக்குங்க. பஸ்ஸுல கொண்டுபோயிக் காட்டு வாசல்ல எறக்கி உடுவாங்க. அங்கிருந்து ஜீப்பு. மேல கூரை, நாலு பக்கமும் தொறப்பு. ரோடு பூராச் செம்மண்ணு. முன்னால போற ஜீப்பு கெளப்புற புழுதியெல்லாம் பின்னால வர்றவன் வாய்க்குள்ள. இடுப்புல எத்தனை எலும்பு இருக்குதுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது, ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பேரு சொல்லுச்சு. சாப்பாட்டுக்கு ஒரு அட்டைப்பொட்டி குடுப்பாங்க. தொறந்தா ரெண்டு ரொட்டி, நடுவுல வெள்ளரிக்கா. இங்க கப்பல்ல இட்லியும் சாம்பாரும் ஆவி பறக்குது. இதை உட்டுப்போட்டு வெள்ளரிக்காய்க்கா போறது?

அப்புறம் அந்த நோட்டீசு. கையில வெச்சிருக்கறீங்களே, அதுதான். குடுங்க. மேல பாருங்க, சிறுத்தை. மரக்கெளையில படுத்துட்டு நம்மளை வா வான்னு கூப்புடுது. அதுக்குக் கீழ ஆனை, குட்டியோட. எல்லாஞ் சரி. இன்னுங் கீழ எறும்பாட்ட எழுத்துல என்ன போட்டிருக்குது? படிங்க. "விலங்குகள் தென்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை." பாத்தீங்களா! வயித்தெரிச்சலை எங்க கொண்டுபோய்ச் சொல்றது? எங்க தோட்டத்துக்கு வாங்க, உத்தரவாதமா ஆனையைக் காட்டறேன். எளந் தென்னம்புள்ளையா நாலு நட்டு வெச்சுட்டுப் போர்வையைப் போத்திப் படுத்தீங்கன்னா, அதுவே வெலாசம் விசாரிச்சுட்டு வரும். சீட்டு வேண்டாம், ஜீப்பு வேண்டாம், வெள்ளரிக்கா ரொட்டியும் வேண்டாம்.

எம் பேரு நாச்சிமுத்துங்க. ஆனைமலைக்கு அடியில தென்னந்தோப்பு. ஊரு பேருலயே ஆனை இருக்குது, அதைப் பாக்க நான் கப்பலேறி இலங்கைக்கு வரோணும்னா சிரிக்க மாட்டாங்களா? ஊருல சிரிச்சாங்க. இன்னும் சிரிக்கிறாங்க.

எங்களுக்கு ஆனைங்கறது ஒறம்பரையாட்ட, விருந்தாளியாட்ட. சொல்லாம வரும், இருக்கறதைச் சாப்புடும், போகும். பொழுது போயிட்டா அதும் பேரைச் சொல்ல மாட்டோமுங்க. "பெரியவரு வந்திருக்காரு"ம்போம். பேரைச் சொன்னாக் கூப்புட்ட மாதிரி ஆயிருமாம். பகல்ல சொல்லலாம். கப்பல்ல தாராளமாச் சொல்லலாம், நீந்தியா வரப்போறாரு?

மேலத் தோட்டத்துல தகர டின்னைத் தட்டுற சத்தம் கேட்டுதுன்னா, பெரியவரு கீழ வர்றாருன்னு அர்த்தம். நான் வேட்டியை மடிச்சுக் கட்டுவேன். ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில டின்னு. தோப்புக்குள்ள எறங்கி, ரெண்டு வெரலை வாயில வெச்சு ஒரு விசில் உட்டேன்னா மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும். "ஓஓய்! போ சாமி, போ! மலையேறிப் போ!" அவ்வளவுதான். திரும்பிப் போயிரும். எங்கூருல மத்தவிகளுக்கு வெடி வேணும், எனக்குத் தொண்டையே போதும்னு பேரு.

பயமாங்களா? எனக்கென்னுங்க பயம். ஓட்டறவன் பயந்தா அது நம்மளை ஓட்டிரும். கையி கொஞ்சம் நடுங்கும், அது குளுருக்கு. மலையடிவாரமில்லீங்களா, சித்திரையிலகூடக் குளுரும்.

ஆனா எறங்கறதுக்கு முன்னால ஒரு வேலை மட்டும் தவற மாட்டேன். சாளைக் கதவை வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுருவேன். சாளைன்னா எங்க தோட்டத்து வீடு. உள்ள வேலாத்தா இருப்பா, என்ர வீட்டுக்காரி. கட்டிட்டு வந்த புதுசுல ஒருநா எம் பொறத்தாலயே அரிக்கேன் வெளக்கைத் தூக்கிட்டு வந்துட்டா. பெரியவரு அந்தப் பக்கம், இவ இந்தப் பக்கம், நடுவுல நானு. எதைன்னு ஓட்டறது, சொல்லுங்க? அவ எதையும் பாக்கறதுக்குள்ள கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி உள்ள தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். அன்னையில இருந்து அதே பழக்கம். வெளக்கை அமத்திரோணும், ஜன்னலைச் சாத்திரோணும். ஓட்டிட்டு வந்து நான் கதவைத் தொறந்து உடுவேன், அவ காப்பி வெப்பா. அவ நல்லதுக்குத்தானுங்க.

அது பஸ்ஸுங்களா? இல்ல, தண்ணி லாரி. சரி.

போன வருசம் எம் பொண்ணு மைதிலியும் மாப்பிள்ளையும் சென்னையில இருந்து போன் பண்ணி, "காவல் காத்தது போதும்ப்பா, அம்மாளைக் கூட்டிட்டுக் கப்பல்ல போயிட்டு வாங்க"ன்னாங்க. வந்தோம். எனக்குக் கப்பல் புடிச்சுப்போச்சு. எந்நேரமும் சோறு, எந்நேரமும் காத்து. இவ என்னடான்னா கீழ மேசையில கெடந்த இந்த நோட்டீசை எடுத்து வெச்சுட்டு மடிக்கறா, விரிக்கறா, மடிக்கறா.

"மாமா, இதுக்குப் போலாமுங்களா?"ன்னா.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. "ஆனையை ஓட்டி ஓட்டித் தொண்டை போச்சு, இங்க வந்தும் ஆனையா?"ன்னேன். "முப்பது வருசமா நம்ம தோட்டத்துக்கு வருதே, பத்தலையா உனக்கு?"

"வருதுங்க. நீங்க பாக்கறீங்க. நான் தாழ்ப்பாளைத்தானே பாக்கறேன்"னா.

எப்படிப் பேசறா பாருங்க! கோயில் ஆனையைப் பாத்திருக்கறா. பழனியில, பேரூருல, தும்பிக்கையால தலையில ஆசீர்வாதம் வாங்கியிருக்கறா. அது வேற, இது வேறயாம். தோப்புலதான் என்ன பாக்காம உட்டுட்டா? விடிஞ்சதும் தடத்தைக் காட்டுவேன். முறத்தை எடுத்துட்டு வந்து அதுமேல வெச்சு, "முறம் உள்ள போயிருச்சுங்க மாமா"ம்பா. தடத்தைப் பாத்திருக்கறா, சாணியைப் பாத்திருக்கறா, சாஞ்ச மரத்தைப் பாத்திருக்கறா, உள்ள இருந்துட்டுச் சத்தம் பூராக் கேட்டிருக்கறா. மிச்சம் என்னுங்க இருக்குது?

சரி, பொம்பள ஆசைப்பட்டுட்டா, போனோம். எங்க ஜீப்புல பாண்டிச்சேரிக்காரரு ஒருத்தரு. அவரு கேமராவுக்கு முன்னால சுரைக்காயாட்ட ஒண்ணு நீட்டிட்டு இருந்துது. ஜீப்பு ஓட்டறவரு சிங்களக்காரரு, கொஞ்சம் தமிழ் பேசுவாரு. ஏறினதுமே, "சத்தம் போட வேணாம், எந்திரிக்க வேணாம்"னாரு. எல்லாரும் தலையாட்டுனோம். நானுந்தான் ஆட்டுனேன்.

சுத்தறோம், சுத்தறோம், மயிலு வருது, மானு வருது, முதலை ஒண்ணு செத்தாப்புல கெடக்குது. மயிலைப் பாத்து அந்தப் பாண்டிச்சேரிக்காரரு படமா எடுத்துத் தள்ளறாரு. எங்கூருல மயிலுங்கறது தக்காளிக்குச் சத்துரு. வேலாத்தா முன்சீட்டுக் கம்பியைப் புடிச்சுட்டுக் காட்டையே பாத்துட்டு வந்தா.

ஒரு கொளத்தோரம் ஜீப்பை நிறுத்தி, எஞ்சினை அமத்திட்டாரு. பொதருக்குள்ள கெளை ஒடியற சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். தூக்கத்துல கேட்டாலும் தெரியும். இவ என்ன பண்ணுனான்னா, கண்ணாடியில புழுதி படிஞ்சிருக்குதுன்னு கழட்டி முந்தானையில தொடைக்கறா. நல்லாப் பாக்கோணுமில்ல, அதுக்கு. அந்நேரம் பொதரு வெலகுச்சு. பெருசு ஒண்ணு, பொறத்தால இன்னொண்ணு, நடுவுல குட்டி. ஜீப்பைப் பாத்து நேரா வருது.

அப்புறம் நடந்தது எனக்கே தெரியாதுங்க. எந்திரிச்சு நின்னுட்டேன். வெரலு தானா வாய்க்குள்ள போயிருச்சு. விசிலு! ஜீப்புத் தகரத்துல டமடமன்னு ஒரு தட்டு! "ஓஓய்! போ சாமி, போ! மலையேறிப் போ!" அந்தக் காட்டுல மலையே கெடையாது, அது வேற விசயம். மூணும் வாலைத் தூக்கிட்டுப் போச்சு பாருங்க. புழுதிதான் நின்னுது.

ஓட்டறவரு ரெண்டு கையையும் தலையில வெச்சுட்டாரு. சிங்களத்துல என்னமோ சொன்னாரு, நல்லவேளை எனக்குப் புரியல. பாண்டிச்சேரிக்காரரு கேமராவுல ஆனை விழுகல. நான் வாயைப் பொளந்துட்டு நிக்கிறதுதான் விழுந்திருக்குது. எந்தப் பல்லு எனக்கு இல்லைங்கறதுகூடத் தெளிவாத் தெரியுது.

வேலாத்தா அப்பத்தான் கண்ணாடியைப் போட்டா. பொதரு ஆடிட்டு இருந்துது. அதையே பாத்தா.

"போயிருச்சுங்களா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான்.

திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். நீங்களே சொல்லுங்க, நான் பண்ணுனதுல என்னுங்க தப்பு? எங்க தோப்புலயா இருந்தா ஊரே கையெடுத்துக் கும்புட்டிருக்கும். குட்டியோட நேரா வர்றது எவ்வளவு மோசம்னு அவிகளுக்குத் தெரியாது. நான்தான் ஒரு ஜீப்பு ஆளுகளையே காப்பாத்துனேன். ஒருத்தராச்சும் நன்றின்னு சொல்லோணுமே!

ஊருக்கு வந்ததும் ஆரம்பிச்சா. சண்டையெல்லாம் கெடையாதுங்க, அவ சாது. கப்பல்ல போனீங்களே, என்ன பாத்தீங்கன்னு யாராச்சும் கேட்டா, "புழுதி பாத்தேன். மத்ததுக்கு எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க, அவருதான் ஓட்டி உட்டாரு"ம்பா. சிரிச்சுட்டே சொல்லுவா. ஊரே சிரிக்கும், நானும் சிரிப்பேன். வேறென்ன பண்றது?

கோடையில வழக்கம்போலப் பெரியவரு வந்தாரு. வழக்கம்போலத் தாழ்ப்பாள் போட்டேன், ஓட்டுனேன், வந்து தொறந்தேன். காப்பியைக் கையில குடுத்துட்டு, "எப்படி இருந்துச்சுங்க மாமா?"ன்னு கேட்டா.

"எப்படின்னா? ஆனையாட்டத்தான் இருந்துச்சு"ன்னேன்.

"அதைத்தான் கேக்கறேன். எப்படி இருந்துச்சு?"

நான் ரோசனை பண்ணிப் பாத்தேனுங்க. சொல்லத் தெரியல. டார்ச்சு வெளிச்சத்துல காலு கொஞ்சம் தெரியும், ஒரு கண்ணு பளிச்சுங்கும், அப்புறம் கெளை ஒடியும். ஓட்டறவன் எங்கீங்க நின்னு பாக்கறான்? காப்பியைக் குடிச்சேன். அவளும் உட்டுட்டா. ஆனா ஒவ்வொருக்காவும் கேப்பா. வருசம் பூரா இதே பாடு.

இந்த வருசம் என்ன பண்ணிட்டான்னா, எங்கிட்டச் சொல்லாமப் பொண்ணுகிட்டப் பேசி மறுபடி கப்பலுக்கு டிக்கெட்டுப் போட்டுட்டா. "எதுக்கு அம்மிணி அதே கப்பல், அதே ஊரு?"ன்னேன். "உங்களுக்குச் சாம்பாரு புடிச்சுதே"ன்னா. நான் நம்பிட்டேன். முந்தாநேத்து கீழ போயி இவளே காட்டுக்குப் போற சீட்டு வாங்கிட்டு வந்து நீட்டறா. பாத்தா ஒத்தச் சீட்டு.

"எனக்கு?"ன்னேன்.

"நீங்க கப்பல்லயே இருங்க மாமா. காத்து வாங்குங்க"ங்கறா.

எப்படி இருக்கும் எனக்கு? நாப்பது பேரு போற எடத்துக்குப் புருசனை உட்டுப்போட்டு ஒத்தையில போறது. பாசை தெரியாத ஊரு. குட்டி போட்ட ஆனை. அந்த ஓட்டறவரு நல்லவருதான், ஆனா திடீர்னு அது திரும்புச்சுன்னா அவருக்கு என்ன பண்றதுன்னு தெரியுமா? விசில் அடிக்கத் தெரியுமா? நான் ஒண்ணும் வெசனப்படல. சும்மா சொல்றேன்.

காலையில கெளம்பறப்ப அவ கண்ணாடியை வாங்கித் தொடைச்சுக் குடுத்தேன். வேட்டி முனையில, நல்லா, ரெண்டு பக்கமும். அதுக்கு ஒரு கவுறும் கட்டி உட்டேன், கழுத்துல மாட்டிக்கற மாதிரி. ஜீப்புக் குலுக்கல்ல கண்ணாடி விழுந்து ஒடைஞ்சா யாரு புதுசு வாங்கறது? அதுக்காகத்தான். "கழட்டவே கழட்டாத அம்மிணி"ன்னேன். அவ ஒரு மாதிரிப் பாத்துட்டு எறங்கிப் போனா. அப்ப உக்காந்தவன்தான் இங்க. இட்லிகூட எறங்கல. உப்பு கம்மி இன்னைக்கு.

அதனால நான் என்ன சொல்றேன்னா, போகாதீங்க. புழுதி, வெயிலு, இடுப்பு வலி. உங்க வீட்டுக்காரம்மாகிட்டச் சொல்லுங்க, அனுபவப்பட்ட ஒருத்தரு வேண்டாம்னு சொன்னாருன்னு.

வந்துருச்சு. பஸ்ஸு. நீலக் கலரு, அதேதான். இருங்க, எந்திரிச்சுக்கறேன். எறங்கறாங்க. அவ இல்ல. அவ இல்ல. அந்தம்மாளும் இல்ல. என்னுங்க இது, எல்லாரும் எறங்கியாச்சு... ஆங், அதா, ரோஸ் கலருச் சேலை. கண்ணாடி கழுத்துல... இல்ல, மூஞ்சியிலதான் இருக்குது. நடந்துதான் வர்றா. நல்லாத்தான் நடக்கறா. நான் உங்ககிட்ட ஏற்கெனவே சொன்னேனே, ஒண்ணும் ஆகாதுன்னு.

வா அம்மிணி, வா. இவரு செங்கல்பட்டுக்காரரு. மத்தியானம் போலாமான்னு ரோசனை கேக்கறாரு, நான் வெவரம் சொல்லிட்டு இருந்தேன். உக்காரு. தண்ணி குடி. பாத்தியா? ம்? பாத்தியா இல்லையா?

பாத்தாளாம்! அவ மெதுவாத்தானுங்க பேசுவா, இந்தக் காத்துல உங்களுக்குக் கேக்காது, நான் சொல்றேன். கொம்பன் ஒண்ணாம். ஒத்தையில வந்துச்சாம். ரோட்டுக்கு நடுவுல நின்னுதாம். கோயில் ஆனையாட்ட இருக்கும்னு நெனச்சுட்டுப் போனாளாம், அப்படி இல்லையாம். அது நம்மளைப் பாக்குதுங்கறா. அப்புறம்? காதை விரிச்சுதாம். தலையைத் தூக்கிட்டு, மண்ணை வாரிப் போட்டுட்டு, ஜீப்பைப் பாத்து வந்துதாம். ஓட்டறவரு அசையாம இருங்கன்னாராம். பத்தடியில நின்னு, பாத்துட்டு, தானாத் திரும்பிப் போச்சாம். பாத்தியா, விசிலே இல்லாம போயிருச்சா? நல்ல ஆனை போல.

சரி, நல்லாப் பாத்துட்டேல்ல? ஆசை தீந்துதா? இனி எங்கிட்டக் கேக்க மாட்டேல்ல, எப்படி இருந்துச்சு, எப்படி இருந்துச்சுன்னு?

என்ன அம்மிணி? ஏன் அழுவறே? பாக்கோணும்னுதானே போனே, பாத்தாச்சுல்ல? இவரு என்ன நெனைப்பாரு? கையை எதுக்குப் புடிக்கறே, ஆளுக பாக்கறாங்க, உடு.

என்னது?

இல்லீங்க, அது உங்களுக்கு இல்ல, எங்கிட்டச் சொல்றா. "இதுக்கு முன்னாலயா மாமா டார்ச்சைத் தூக்கிட்டுப் போயி நின்னீங்க"ன்னு கேக்கறா. ஜீப்புக்குள்ள உக்காந்திருந்த எனக்கே ஈரக்கொலை நடுங்குச்சு, நீங்க செருப்புக்கூட இல்லாம, அந்த இருட்டுல, அத்தனை வருசமாங்கறா. நான் சத்தத்தை மட்டும் கேட்டுட்டு உள்ள படுத்திருந்தேனேங்கறா. அட, அது வேற, இது வேற அம்மிணி. நம்மூருப் பெரியவரு நமக்குத் தெரிஞ்சவரு.

கேக்க மாட்டேங்கறாளுங்க. தென்னங்குருத்தை ஆனை தின்னாத் தின்னட்டுமாம், தென்னம்புள்ளை வேற நட்டுக்கலாமாம். இனிமே பெரியவரு வந்தா தாழ்ப்பாளை உள்பக்கம் போடறாளாம். இவளே போடுவாளாம். நானும் உள்ளதான் இருக்கோணுமாம்.

கேட்டீங்களா? இதுக்குத்தானுங்க, போகவே வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்.

என்னுங்க, எந்திரிச்சுட்டீங்க? போகப் போறீங்களா? நான் இத்தனை சொல்லியுமா! சரி, போயிட்டு வாங்க. வீட்டுக்காரம்மாளை முன்சீட்டுல உக்கார வெய்யுங்க.

என்ன அம்மிணி? எங் கையா? நடுங்கல. இல்ல, காத்து அடிக்குதுல்ல, அதான், குளுரு. உச்சி வெயில்ல என்ன குளுருன்னா எனக்கென்ன தெரியும்? கடல் காத்து எனக்கு ஒத்துக்கல. பேசாம உக்காரு.

கையை உடாத.